ஆசாவேரியில் ஒரே வாக்கியமாக ஓடும் காவேரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கை ஒட்டித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில், ஆறுகளைப் பாடும் கீர்த்தனைகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் தியாகராஜ சுவாமிகளின் ‘சாரி வெடலின’ கீர்த்தனைக்குக் கிடைத்தது ஒரே வரி: காவேரியின் பெருமையைச் சொல்லும் விறுவிறுப்பான ஆசாவேரி ராகப் பாட்டு என்று. கட்டுரையாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சென்னை மேடைகளில் இன்று அந்தப் பாட்டு பாடப்படும் விதத்தைக் கேட்ட எவரும் அப்படித்தான் எழுதுவார். பல்லவி, அனுபல்லவி, முத்திரை (இயற்றியவர் பெயர்) இருக்கிற கடைசிச் சரணம், கூடவே நாலு ஆவர்த்தம் (தாளச் சுற்று) கல்பனாஸ்வரம் என்கிற கற்பனையில் எழும் ஸ்வரக் கோவை, கணக்கு வைத்து ஒரு முடிப்பு. நாலைந்து நிமிடத்தில் ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கிற இரண்டு சரணங்களில்தான் ஆறே ஓடுகிறது. அவற்றை விட்டுவிட்டுப் பாடினால், ஆற்றை வெட்டிவிட்டுப் படித்துறையை மட்டும் காட்டியது போல் ஆகிறது.

இந்தப் பாட்டை ஏன் முழுசாகவும் வரிசை மாறாமலும் பாட வேண்டும் என்பதற்குப் பக்தியைக் காரணம் காட்டத் தேவையில்லை. அதன் இலக்கணமே அதைக் கேட்கிறது. பல்லவி ‘சாரி வெடலின ஈ காவேரினி ஜூடரே’. புறப்பட்டு வருகிற இந்தக் காவேரியைப் பாருங்களேன் என்பது பொருள். ‘வெடலின’ பெயரெச்சம், ‘ஜூடரே’ வினைமுற்று. இந்த ஒரு முற்றைத் தவிர முழுப் பாட்டிலும் வேறு வினைமுற்றே கிடையாது. அனுபல்லவி ‘நொஸங்குசு’ என்று முடிகிறது, கொடுத்தபடி. முதல் சரணத்தின் வினை ‘நடுசுசு’, நடந்தபடி. இரண்டாவது சரணம் ‘ஜூட’ என்று நிற்கிறது, பார்க்க. மூன்றாவதில் ‘ஸேயக’, செய்ய. பிறகு ‘முத்துக’, அழகாக. எல்லாமே எச்சங்கள். ஒவ்வொன்றும் பல்லவியின் ‘சாரி வெடலின’வில் போய் விழுந்தால்தான் பொருள் முடியும்.

இரண்டாவது சரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மூடு ரெண்டு நதி நாதுனி ஜூட’ என்று நின்று, உடனே ‘சாரி வெடலின’ என்று பல்லவியை எடுத்தால், ‘ஐயாறப்பனை, அதாவது திருவையாற்றுச் சிவனைப் பார்க்கப் புறப்பட்ட இந்தக் காவேரி’ என்று வாக்கியம் ஒன்றாகிவிடுகிறது. அனுபல்லவியிலிருந்து பல்லவிக்குத் திரும்பும்போது ‘வாரி வழங்கியபடி புறப்பட்ட’ என்று ஆகிறது. கடைசிச் சரணத்திலிருந்து வரும்போது ‘அழகாகப் புறப்பட்ட’ என்று ஆகிறது. பல்லவி மூன்று நான்கு முறை திரும்ப வருகிறதே என்று பாடகர்கள் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் அது வேறு வாக்கியத்தின் வால். துணையாறுகள் வந்து தாயாற்றில் சேர்வது போல எச்சங்கள் எல்லாம் அந்த ஒரு முற்றில் வந்து சேர்கின்றன. நேரம் போதவில்லை என்று, சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பாமல் அடுத்த சரணத்தைத் தொடுகிறவர்கள் உண்டு. அப்போது வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது. தெலுங்கு தெரிந்தவர் காதுக்கு அது ‘பார்க்க... பார்க்க...’ என்று சொல்லி நிறுத்தியது போலத்தான் கேட்கும்.

சொல்லின் பொருளை வரிசையாகப் பார்த்தால் பாட்டின் நிலப்படமும் கிடைக்கிறது. அனுபல்லவி, ‘வாரு வீரனுசு ஜூடக தானவ்வாரிக நபீஷ்டமுல நொஸங்குசு’. அவர் இவர் என்று பாராமல் எல்லாருக்கும் வேண்டியதைத் தடையின்றிக் கொடுத்தபடி என்று அர்த்தம். இந்த வரி சென்னைக்காரர்களுக்கும் பொருந்தும். கொள்ளிடத்தில் கட்டிய அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் தண்ணீர், 2004 முதல் 230 கிலோமீட்டர் தூரம் குழாயில் வந்து இந்த ஊரின் வீடுகளில் விழுகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் அளவு. காவேரிக் கரையையே பார்க்காதவரும் அவள் தண்ணீரைக் குடிக்கிற ஊர் இது.

முதல் சரணம்தான் பாட்டின் உயிர். ‘தூரமுன நொக தாவுன, கர்ஜன பீகர மொக தாவுன, நிண்டு கருணதோ நிரதமுக நொக தாவுன நடுசுசு, வர காவேரி கன்யகாமணி’. தாவு என்றால் இடம். ‘ஒக தாவுன’ என்பது ஓரிடத்தில். மூன்று ‘ஒக தாவுன’ வருகிறது. ஓரிடத்தில் எட்டத்தில் போகிறாள். ஓரிடத்தில் அஞ்சும்படி கர்ஜிக்கிறாள். ஓரிடத்தில் நிறைந்த கருணையோடு ஒரே சீராக நடக்கிறாள். தலைக்காவேரியிலிருந்து கிளம்பி, சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் பாறையில் விழுந்து, சமவெளிக்கு வந்ததும் மணல் படுகையில் சாதுவாகப் பரவுகிற ஆற்றின் மூன்று குணங்களும் மூன்றே சொற்றொடரில் அடங்கிவிடுகின்றன. சுவாமிகள் வாழ்ந்த திருவையாற்றில் ஆறு கர்ஜிக்காது. நிலம் அவ்வளவு தட்டை. ஆகையால் கர்ஜனையை ‘எங்கோ ஓரிடத்தில்’ என்று மேற்கே விலக்கி வைத்துப் பாடியிருப்பது ஆற்றோரத்து ஊர்க்காரர் கண்ணால் பாடியது. ‘நடுசுசு’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆறு ஓடவில்லை, நடக்கிறது. ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று சிலப்பதிகாரத்தின் கானல்வரி பாடியதும் அதே நடையைத்தான். வேறு மொழி, வேறு காலம். ஆனால் அதே ஆற்றைப் பார்த்த இரண்டு பேருக்கு ஒரே வினைச்சொல் வந்திருக்கிறது.

இரண்டாவது சரணம், ‘வேடுககா கோகிலலு ம்ரோயகனு, வேடுசு ரங்கேசுனி ஜூசி, மரி ஈரேடு ஜகமுலகு ஜீவனமைன மூடு ரெண்டு நதி நாதுனி ஜூட’. குயில்கள் உற்சாகமாகக் கூவ, அரங்கனைக் கண்டு வேண்டிக்கொண்டு, ஈரேழு உலகத்துக்கும் உயிரான ஐந்து நதிகளின் நாதனைப் பார்க்க. இதில் இரண்டு எண் விளையாட்டு இருக்கிறது. ‘ஈரேடு’ என்பது இரண்டு ஏழு, பதினான்கு. நாம் ஈரேழு பதினாலு லோகம் என்கிறோமே, அதேதான். ‘மூடு ரெண்டு’ என்பது மூன்றும் இரண்டும், ஐந்து. ஒன்று பெருக்கல், ஒன்று கூட்டல். ஐந்து நதி நாதன் பஞ்சநதீஸ்வரர், நம் ஐயாறப்பர். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து பாலங்களைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய முடியும். பாட்டில் ஸ்ரீரங்கம் முதலில், திருவையாறு பிறகு. ஆறும் அப்படித்தான் போகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, இரண்டுக்கும் நடுவே தீவாக ஸ்ரீரங்கம் இருந்து, கல்லணை தாண்டி, அப்புறம்தான் திருவையாறு. இந்தச் சரணத்தை விட்டுவிட்டுக் கடைசிச் சரணத்துக்குத் தாவுகிறவர்கள் முக்கொம்பு முதல் கல்லணை வரை ஆற்றையே அழித்துவிடுகிறார்கள்.

மூன்றாவதில் காவேரி வந்து சேர்ந்துவிடுகிறாள். இருகரையிலும் அந்தணர்கள் ராஜராஜேஸ்வரி என்று புகழ்ந்து ஜாதிமல்லிப் பூவால் பூஜை செய்ய, தியாகராஜன் துதிக்கும்படி அழகாக வருகிறாள். பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆற்றின் கணவன் கடல் என்று பாடும் மரபு இருக்க, இவர் கடலைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவர் ஊர் படித்துறையோடு ஆறு நிறைவடைகிறது.

இனி ராகம். ஆசாவேரி எட்டாவது மேளமான (தாய் ராகமான) ஹனுமத்தோடியில் பிறந்தது. ஏறும்போது ஸ ரி ம ப த ஸ. இறங்கும்போது ஸ நி ஸ ப த ம ப ரி க ரி ஸ. நூலுக்கு நூல் சிறு பேதம் இருக்கலாம், ஆனால் சுபாவம் இதுதான். ஏற்றம் நேர், இறக்கம் வளைசல். தாழ்ந்து வரும்போது வளைந்து வளைந்து, ஓரடி பின்வாங்கி, மறுபடி இறங்குகிற நடை இது. சமவெளி ஆறு இறங்குவதும் இப்படித்தான். சுவாமிகள் இதை நினைத்துத்தான் ராகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வளைசலை நிமிர்த்திப் பாடினால் ஆறு வாய்க்காலாகிவிடும் என்பதை எந்த மாணவரும் பாடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தவறு நேர்கிற இடங்கள் மூன்று. முதலாவது, சாவேரி. பெயரும் ஒட்டி வருகிறது, ஆரோகணமும் அதே ஸ ரி ம ப த ஸ, அதே சுத்த ரிஷபம் (ரி), அதே சுத்த தைவதம் (த). சாவேரி பதினைந்தாவது மேளத்தில் பிறந்தது. அதற்கு அந்தர காந்தாரம் (க), காகலி நிஷாதம் (நி), இறக்கமும் நேர். ஆகவே ஆலாபனையை ‘ஸ ரி ம ப த’ என்று ஏறும் பிடிகளிலேயே (ராகத்தின் சிறு ஸ்வரத் தொடர்கள்) இரண்டு நிமிடம் வைத்திருந்தால் கேட்பவருக்கு ராகம் எதுவென்றே தெரியாது. முதல் நாலைந்து பிடிக்குள் ‘ரி க ரி ஸ’ வந்துவிட வேண்டும். ஆசாவேரியின் கையெழுத்து அதுதான்.

இரண்டாவது, தாய் ராகமான தோடி. வயலின் பக்கவாத்தியக்காரர் பழக்கத்தில் ‘ஸ நி த ப’ என்று நேராக இறங்கிவிட்டால் அந்த இடம் அப்படியே தோடி. காந்தாரமும் அப்படியே. தோடியின் காந்தாரம் நின்று அகலமாக அசையக்கூடியது. ஆசாவேரியில் காந்தாரம் தனியாக நிற்பதில்லை. ரிஷபத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ரிஷபத்துக்கே திரும்புகிறது. ‘ரி க ரி’ மூன்றும் ஒரே மூச்சு, ஒரே அசைவு. பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். தம்புராவை வைத்துக்கொண்டு ‘ப ரி’ என்று மட்டும் பத்து முறை இறங்கிப் பாடுங்கள். நடுவில் மத்தியமமோ (ம) காந்தாரமோ உராயக்கூடாது. பஞ்சமத்திலிருந்து (ப) ரிஷபத்தில் நேராகக் கால் வைக்க வேண்டும். அது நின்ற பிறகு ‘ப ரி க ரி ஸ’ என்று முடியுங்கள். பெரும்பாலான மாணவர்களுக்கு இந்த இறக்கத்தில்தான் சுருதி விலகும். காரணம், மனம் நடுவிலிருக்கிற ஸ்வரங்களைத் தானாகவே நிரப்பப் பார்க்கும். ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம் இதை மட்டும் செய்தால் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, வேகம். மத்தியம கால (நடுத்தர வேக) பாட்டுத்தான், ஆனால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு எட்டு வினாடி கொடுப்பது என் அளவு. ஆறு வினாடிக்குக் கீழே வந்தால் ‘ரி க ரி’ அசைவு சுருங்கி வெறும் ‘ரி’யாகிவிடும். ‘நிண்டு கருணதோ’ என்ற இடத்தில் சொல் நெரிசலாகிவிடும். நிறைந்த கருணையோடு நிதானமாக நடக்கிறாள் என்ற சொல்லை மூச்சு வாங்கிக்கொண்டு பாடுவது எப்படிப் பொருந்தும்? மூன்று சரணத்தோடும், அளவான சங்கதிகளோடும் (ஒரே வரியின் மெட்டு மாற்றங்கள்), இந்த வேகத்தில் பாடினால் எட்டு அல்லது ஒன்பது நிமிடம் ஆகும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் இது பெரிய சுமை அல்ல. ஸ்வரம் பாட ஆசைப்பட்டால் பல்லவி வரியில் பாடலாம். முற்று இருக்கிற வரி அதுதான், திரும்பத் திரும்ப வந்து விழத் தாங்கும். ‘கர்ஜன பீகர’ என்ற இடத்தை நிரவலுக்கு, அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதற்கு, எடுக்க வேண்டாம். பாதி வாக்கியத்தை இருபது முறை சொன்னதாகிவிடும்.

மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் சரணத்தில் மூச்சு வாங்க இயற்கையான இடம் ஒவ்வொரு ‘தாவுன’வுக்கும் பிறகு. பலர் ‘கர்ஜன பீகர’ என்று நிறுத்தி மூச்செடுத்து, ‘மொக தாவுன’ என்று தொடங்குகிறார்கள். ‘பீகரமு, ஒக’ என்ற இரண்டு சொல் புணர்ந்து ‘பீகரமொக’ ஆகியிருக்கிறது. நடுவில் வெட்டினால் ‘மொக’ என்று ஒரு அர்த்தமில்லாத சொல் பிறக்கிறது. அதேபோல ‘தூரமுன நொக’ என்பதிலும். இரண்டாவது சரணத்தில் ‘மூடு’ என்று நிறுத்திவிட்டு ‘ரெண்டு நதி’ என்று எடுத்தால் ஐந்து நதி போய், இரண்டு நதி ஆகிவிடும். ‘ஈரேடு’வையும் பிரிக்கக் கூடாது.

உச்சரிப்பில் நமக்கு இருக்கிற சங்கடம் எழுத்தால் வருவது. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. தெலுங்கில் ஒவ்வொன்றுக்கும் நாலு. அதனால்தான் பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்தோடு சேர்த்து 2, 3, 4 என்று எண் போட்டு அச்சடித்தார்கள். இப்போது கைபேசியில் சுற்றிவரும் சாகித்தியங்களில் அந்த எண்கள் இல்லை. ‘நடுசுசு’ என்று எழுதியிருப்பதைப் பிள்ளைகள் ‘ஸுஸு’ என்று படிக்கிறார்கள். அங்கே வர வேண்டியது ‘அச்சு’ என்பதில் இருக்கிற சகரம். ‘நொஸங்குசு’, ‘ஜூசி’, ‘வேடுசு’ எல்லாவற்றிலும் அதே. ‘பீகர’ என்பதில் பகரம் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். ‘பயங்கரம்’ என்று சொல்லும்போது வருகிற பகரம். ‘தானவ்வாரிக’ என்பதில் வகர ஒற்றை விழுங்கிவிட்டால் ‘தானவாரி’, அதாவது அசுரர்களின் எதிரி என்ற திருமால் பெயராகிவிடும். ‘பூஜலிரு கடல’ என்பதைக் கேட்டுவிட்டு இரண்டு கடல் என்று நினைத்துக்கொள்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலர். அங்கே ‘கட’ என்பது பக்கம். இருபுறமும் என்று பொருள். ‘முத்துக’ என்பதில் தகரம் ‘முத்து’ என்பதன் தகரம் அல்ல, ‘புத்தி’ என்பதன் தகரம். ‘தராமர’ என்பது தரா, அமர என்ற இரண்டு சொல். பூமியில் இருக்கிற தேவர்கள், அந்தணர்கள். அதை ‘த, ராமர’ என்று பிரித்தால் ராமர் வந்துவிடுகிறார்.

இவை சின்ன விஷயங்கள்தானே என்று கேட்கலாம். பாட்டில் ராகம் இருந்தால் போதாதா? இந்தப் பாட்டில் போதாது. ஏனென்றால் இது கோரிக்கை வைக்கிற பாட்டு அல்ல, ஒரு காட்சியைக் காட்டுகிற பாட்டு. ‘பாருங்களேன்’ என்று கூப்பிட்டுவிட்டுக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் கேட்பவர் எதைப் பார்ப்பார்?

சரிபார்க்க எளிய வழி உண்டு. சென்னையில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எந்தத் தெருவிலும் இருக்கின்றன. சங்கீதம் தெரியாத, தெலுங்கு தெரிந்த ஒருவரை எதிரே உட்காரவைத்து ஒரு சரணத்தைப் பாடிக் காட்டுங்கள். கேட்டதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற சொல்தான் நீங்கள் தப்பாகச் சொல்கிற சொல். அதற்கு முன்பாக, மெட்டு இல்லாமல், தாளம் இல்லாமல், சாகித்தியத்தை உரைநடையாகப் பத்து முறை வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு தாளம் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மெட்டு. பாடம் தொடங்குகிற அன்றே மெட்டையும் சொல்லையும் சேர்த்து ஏற்றினால், சொல் தவறு மெட்டோடு ஒட்டிக்கொண்டு பத்து வருடம் ஆனாலும் பிரியாது. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சுவாமிகளின் சீடர் பரம்பரைகளுக்குள் சங்கதி வேறுபடும். எந்த வழியில் கற்றாலும் அது குறையில்லை. ஆனால் சொல்லும் அதன் பொருளும் எல்லா வழிக்கும் பொது.

மிருதங்க வித்வான்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் சரணத்தில் மூன்று ‘தாவுன’வும் மூன்று விதம். முதலாவதில் தொலைவு, தொப்பியை (மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கம்) அடக்கி வாசிக்கலாம். இரண்டாவதில் கர்ஜனை, அங்கே திறந்து வாசிக்க வேண்டும், தொப்பியின் கும்கி (அதிர்ந்து நீளும் நாதம்) நன்றாகப் பேசட்டும். ‘நிண்டு கருணதோ’ வந்ததும் உடனே இறங்கிவிட வேண்டும். நடைமுறையில் ‘கர்ஜன’வுக்குச் சேர்த்த பலத்தை ‘கருண’விலும் அப்படியே கொண்டுபோய்விடுகிறார்கள், சொல் தெரியாததால். கச்சேரிக்கு முன் பாடகர் அரை நிமிடம் ஒதுக்கிப் பொருளைச் சொல்லிவிட்டால் போதும். முதல் சரணம் முடிந்ததும் பெரிய தீர்மானம் (மிருதங்க முடிப்பு) வைப்பதும் வேண்டாம். வாக்கியம் இன்னும் முடியவில்லை. பல்லவிக்குத் திரும்பும் வரை தாளம் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

எந்த இடத்தில் பாடுவது என்பதும் முக்கியம். தோடி, புன்னாகவராளி, தன்யாசி போன்றவற்றுக்கு முன்னோ பின்னோ வைத்தால் ஒரே மேளத்தின் ஸ்வரங்கள் கலந்து ஆசாவேரி மங்கிவிடும். மோகனம் அல்லது கல்யாணிக்குப் பின் நன்றாக எடுபடும். இன்னொரு யோசனை. முகாரியில் சுவாமிகளின் ‘முரிபெமு’ இருக்கிறது. மலைக்காற்று வீசும் காவேரிக் கரையையும் மாடமாளிகைகளையும் சொல்லித் திருவையாற்றை ஊராகக் காட்டுகிற பாட்டு. முதலில் ஊர், அடுத்து ஆறு என்று இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் கேட்பவருக்கு முழு நிலமும் கிடைக்கும். முகாரிக்கு சதுச்ருதி ரிஷபம், ஆசாவேரிக்கு சுத்த ரிஷபம். ஆதலால் ராகங்களும் முட்டிக்கொள்ளாது. இரண்டும் உருக்கமான ராகங்கள், தொடர்ந்து வைத்தால் கச்சேரி தளர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு சின்னத் துக்கடாவை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பயம் இல்லை.

கடைசியாகக் காலம். சுவாமிகளின் நினைவு நாளான ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், பெரும்பாலும் ஜனவரியில் வருகிறது. சென்னை ரசிகர்கள் திருவையாற்று ஆற்றைப் பார்ப்பது அப்போதுதான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது. ஆராதனை சமயத்தில் படித்துறையில் நிற்பது பாசன வருடத்தின் கடைசித் தண்ணீர். பாட்டில் இருக்கிற காவேரி அது இல்லை. சுவாமிகள் வாழ்ந்த 1767 முதல் 1847 வரையிலான காலத்தில் மேட்டூர் அணை கிடையாது. அது 1934இல் கட்டி முடிந்தது. குடகில் மழை பிடித்தால் ஆடியில் புதுப்புனல் நேராக வந்து சேரும். ‘சாரி வெடலின’ என்ற சொல்லில் இருக்கிற புறப்பாடு அந்தப் புதுப்புனலின் புறப்பாடாகத்தான் காதில் விழுகிறது. ஆகையால் இந்தப் பாட்டை மார்கழியில் பாடுவது போலவே, ஆடியிலும் ஆவணியிலும் சென்னை சபாக்கள் பாட வைக்க வேண்டும். மழைக்கால மாதங்களில் நடக்கும் மாதாந்திரக் கச்சேரிகளுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, அடுத்த ஆடிப்பெருக்கு இணைப்பில் இந்தக் கீர்த்தனையின் சாகித்தியத்தை மூன்று சரணத்தோடும், எழுத்துக்கு எண் போட்டு, பதவுரையோடு அரைப் பக்கத்தில் அச்சிடுங்கள். வெட்டி எடுத்துப் பாட்டு நோட்டில் ஒட்டி வைக்கிற அளவில் இருந்தால் நல்லது. இன்னொன்று, டிசம்பர் சீசனில் விமர்சனம் எழுதுகிறவர்களிடம் சொல்லுங்கள்: ‘சாரி வெடலின’ பாடப்பட்டது என்று எழுதும்போது எத்தனை சரணம் பாடினார்கள் என்பதையும் ஒரு எண்ணாகச் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை - 4